ஏழையின் ஒரு ரூபாய்

சிலாங்கூர் மாநிலத்தின் சிப்பாங் மாவட்டத்தில் டெங்கில் என்னும் பட்டணம் உள்ளது. அதன் அருகே முன்பு பிராங் பெசார் என்னும் ரப்பர்த் தோட்டம் இருந்தது. முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921ஆம் ஆண்டில் தொடங்கிய தோட்டம் அது. அங்கும் அதையடுத்த தோட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவி வாழ்ந்தன. 1990களில் அந்த மண்ணில் நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா எழுந்தது. தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளில் குடியேறின.

இன்று நிதியமைச்சு இருப்பது அந்தப் புத்ராஜெயாவில்தான். ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டம் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்படும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. அரசாங்க ஊழியர்களுக்கு எவ்வளவு சம்பளம் கொடுப்பது என்பது ஒன்று. அரசாங்கத்திற்கு வேண்டிய பணத்தை யாரிடமிருந்து, எந்த வரியால் திரட்டுவது என்பது மற்றொன்று. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் நம் நாட்டில் 6 விழுக்காட்டுப் பொருள், சேவை வரி நடப்புக்கு வந்தபோது இந்த விவாதம் வீடுதோறும் நடந்தது. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பொருள் வாங்குவோர் அனைவரும் ஒரே விகிதத்தில் வரி கட்டுவது நியாயமா என்று பலர் கேட்டனர். அரசாங்கத்தின் வருமானம் எண்ணெயை மட்டும் நம்பியிருக்கக்கூடாது என்று வேறு சிலர் வாதிட்டனர். 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவ்வரி சுழியமாக்கப்பட்டது. செப்டம்பரில் விற்பனை, சேவை வரி மீண்டும் வந்தது.

இது நம் காலத்தில் மட்டும் எழுந்த விவாதம் அன்று. விளைந்த நெல்லை அறுத்து, அளவாகக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவளிக்கும். யானையே வயலுக்குள் புகுந்துவிட்டால் உண்பதைவிட மிதித்துக் கெடுப்பது மிகுதியாகும். வரி வாங்கும் முறையை இப்படி ஓர் உவமையால் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு உணர்த்தினார் சங்கப் புலவர் பிசிராந்தையார். பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் அதே கேள்வியைக் கணக்கேட்டில் எழுதிப் பார்த்த தமிழர் ஒருவர் இருந்தார். அவர்தாம் ஜே. சி. குமரப்பா.

கணக்காளர்

குமரப்பா 1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். தந்தை அரசாங்கத்தின் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். ஆகவே அரசாங்கச் சம்பளத்தில் ஒரு குடும்பம் எப்படி மதிப்போடு வாழ்கிறது என்பதைக் குமரப்பா சிறு வயதிலேயே அறிந்திருந்தார். பின்னாளில் அரசாங்கச் சம்பளத்தைப் பற்றி அவர் எழுதியபோது, வெளியே நின்று பொறாமையோடு பார்த்தவராக எழுதவில்லை. அந்தச் சம்பளத்தில் வளர்ந்தவராகவே எழுதினார்.

சென்னையில் கல்வியை முடித்த அவர் இலண்டனுக்குச் சென்று கணக்கியல் பயின்றார். முதல் உலகப் போர்க் காலத்தை அங்கேயே கழித்தார். தாயின் விருப்பத்திற்கு இணங்கி இந்தியா திரும்பி, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். நல்ல வருமானம் வந்தது. ஐரோப்பிய உடை, ஐரோப்பிய உணவு, ஐரோப்பியப் பழக்கவழக்கம் என அவரது வாழ்க்கை அமைந்தது. அரசியலில் அவருக்கு அப்போது நாட்டம் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவுக்கு நன்மை செய்கிறது என்னும் நம்பிக்கையோடுதான் அவர் வளர்ந்திருந்தார்.

தணிக்கையாளரின் வேலை, ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டைத் திறந்து பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று பார்ப்பது. முதலாளி எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் அதைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பழக்கம் குமரப்பாவை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

நியூயார்க்கில் எழுந்த கேள்வி

1927ஆம் ஆண்டில் குமரப்பா அமெரிக்கா சென்றார். சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் பயின்று பட்டம் பெற்றார். அடுத்து நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி என்னும் துறையில் சேர்ந்தார். பொது நிதி என்பது அரசாங்கம் எப்படி வருமானம் திரட்டுகிறது, அதை எப்படிச் செலவு செய்கிறது என்பதை ஆராயும் துறை. அங்கு அவருக்குப் பேராசிரியராக வாய்த்தவர் எட்வின் செலிக்மன். வருமானம் உயர உயர வரியின் விகிதமும் உயர வேண்டும் என்னும் கொள்கையை ஆராய்ந்த புகழ்பெற்ற அறிஞர் அவர்.

அந்நாளில் குமரப்பா, இந்தியா ஏழை நாடாக இருப்பதற்குக் காரணம் என்ன என்பது பற்றி ஒரு தேவாலயத்தில் உரையாற்றினார். அவ்வுரை பற்றிய செய்தி நாளிதழில் வெளிவந்தது. அதைப் படித்த செலிக்மன், அந்தக் கேள்வியையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி குமரப்பாவைத் தூண்டினார். பிரிட்டிஷ் இந்திய அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்குகளே அவரது ஆராய்ச்சிக்குரிய ஆவணங்கள் ஆயின. ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டைப் புரட்டுவது போல ஒரு நாட்டின் கணக்கேட்டை அவர் புரட்டினார்.

அக்கணக்கு அவரைத் திடுக்கிட வைத்தது. வரவுப் பக்கத்தில் நிலவரி, உப்புவரி, சுங்கவரி, மதுவின் மீதான வரி ஆகியவை இருந்தன. இவற்றின் பெரும்பகுதி உழவரும் கூலியாளும் கட்டிய பணம். செலவுப் பக்கத்தில் இராணுவம், கடன் வட்டி, நிர்வாகம் ஆகியவை பெரும்பங்கை எடுத்துக்கொண்டன. கல்விக்கும் மருத்துவத்திற்கும் வேளாண்மைக்கும் கிடைத்தது மிகக் குறைவு. வரி கட்டியவர் ஒருவராகவும் அதனால் பயன் பெற்றவர் வேறொருவராகவும் இருந்தனர்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை நோக்கினால் இந்நிலை தெளிவாகும். 1923ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் பற்றாக்குறை ஏற்பட்டது. அதை ஈடுகட்ட உப்புவரியை இரண்டு மடங்காக உயர்த்தினர். ஒரு மணங்கு, அதாவது ஏறத்தாழ 37 கிலோகிராம் உப்புக்கு 1 ரூபாய் 4 அணாவாக இருந்த வரி 2 ரூபாய் 8 அணா ஆனது. மக்கள் பிரதிநிதிகள் மறுத்தும், அரசப் பிரதிநிதி தமது தனி அதிகாரத்தால் அதை நடப்புக்குக் கொண்டுவந்தார். எதிர்ப்பு வலுத்ததால் மறு ஆண்டு அவ்வரி பழைய அளவுக்குக் குறைக்கப்பட்டது. அதே 1924ஆம் ஆண்டில் லீ பிரபுவின் தலைமையில் அமைந்த ஆணையம், ஐரோப்பிய உயர் அதிகாரிகளுக்குக் கூடுதல் படியும் தாய்நாட்டுக்குச் சென்றுவரக் கப்பல் கட்டணமும் கொடுக்கப் பரிந்துரைத்தது. போருக்குப் பின் விலைவாசி ஏறிவிட்டது என்றும், சம்பளம் போதாவிட்டால் திறமையானவர்கள் பணிக்கு வரமாட்டார்கள் என்றும் அதற்குக் காரணம் காட்டப்பட்டது. உப்பு வாங்கும் ஏழைக்கும் விலைவாசி ஏறியிருந்தது. அவனுக்குப் படி கொடுக்க எந்த ஆணையமும் அமையவில்லை.

ஒரு ரூபாயின் மதிப்பு

குமரப்பாவின் சிந்தனைக்கு அடிப்படையாக ஓர் எளிய உண்மை இருந்தது. எல்லா ரூபாயும் ஒரே மதிப்புடையவை அல்ல என்பதே அது. கடையில் கொடுத்தால் எவர் கை ரூபாய்க்கும் ஒரே அளவு பொருள்தான் கிடைக்கும். ஆனால், ஒரு மனிதனின் வாழ்க்கையில் அது நிரப்பும் இடம் வேறு. செல்வர் ஒருவரிடமிருந்து ஒரு ரூபாய் போனால் அவர் ஒரு சுருட்டைக் குறைத்துக்கொள்வார். கூலியாளிடமிருந்து ஒரு ரூபாய் போனால் அவன் வீட்டில் பல நாள் அடுப்பு எரியாது.

ஆகவே ஏழையிடமிருந்து ஒரு ரூபாயை வரியாக வாங்கி, ஏற்கனவே நிறையச் சம்பளம் பெறும் ஓர் அதிகாரிக்குக் கொடுத்தால் நாட்டின் கணக்கில் ரூபாய் குறையவில்லை. ஆனால் நாட்டின் நலம் குறைந்துவிட்டது. பல நாள் சோறாக இருந்தது ஒரு சுருட்டாக மாறிவிட்டது. அதே ரூபாயைச் செல்வரிடமிருந்து வாங்கி, சிற்றூருக்குக் கிணறு வெட்டவும் பள்ளி கட்டவும் செலவு செய்தால் நாட்டின் நலம் பெருகும். வரியும் சம்பளமும் இரண்டு தனித்தனிக் கேள்விகள் அல்ல, ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பதைக் குமரப்பா இவ்வாறு விளக்கினார்.

இந்த ஆராய்ச்சி அவரையும் மாற்றியது. பிரிட்டிஷ் ஆட்சியின் மீது கொண்டிருந்த நம்பிக்கையைக் கைவிட்டவராக 1929ஆம் ஆண்டில் அவர் இந்தியா திரும்பினார். கொர்னேலியஸ் என்னும் பெயரை விடுத்து, தம் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை ஏற்றார். தாம் எழுதிய ஆய்வை வெளியிட விரும்பிய அவருக்கு, மகாத்மா காந்தியைப் பார்க்கும்படி நண்பர்கள் ஆலோசனை கூறினர்.

மரத்தடியில் ஒரு சந்திப்பு

1929ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் குமரப்பா சாபர்மதி ஆசிரமத்திற்குச் சென்றார். பட்டுத் துணியில் தைத்த ஐரோப்பிய உடையும் கைத்தடியுமாக, குறித்த நேரத்திற்குச் சற்று முன்னதாகவே அங்குச் சேர்ந்தார். வழியில் ஒரு மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில் முதியவர் ஒருவர் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இராட்டையை அருகிலிருந்து பார்த்தறியாத குமரப்பா, கைத்தடியில் சாய்ந்தபடி நின்று அதை வேடிக்கை பார்த்தார். சில நிமிடங்கள் கழித்து அம்முதியவர் தலைநிமிர்ந்து, வந்திருப்பவர் குமரப்பாதானா என்று கேட்டார். அப்போதுதான் தம் முன்னால் அமர்ந்திருப்பவர் காந்தி என்பது குமரப்பாவுக்கு விளங்கியது.

அவர் உடையைப் பொருட்படுத்தாமல் தரையிலேயே அமர்ந்தார். அதைக் கண்ட ஒருவர் உள்ளிருந்து நாற்காலி கொண்டுவந்தார். காந்தி அதில் அமரச் சொன்னபோதும் குமரப்பா மறுத்து, தரையில் இருந்தபடியே பேசினார். அவரது ஆய்வைப் படித்திருந்த காந்தி, அதைத் தமது யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட விரும்புவதாகத் தெரிவித்தார். அத்துடன் குஜராத்தின் சிற்றூர்களில் ஓர் ஆய்வு நடத்தித் தர இயலுமா என்றும் கேட்டார். அமெரிக்காவின் நூலகத்தில் அமர்ந்து கணக்கு எழுதியவர், அக்கணக்கில் வரும் மனிதர்களைக் காணப் புறப்பட்டார்.

குமரப்பாவுக்குக் குஜராத்தி மொழி தெரியாது. குஜராத் வித்யாபீடத்தின் மாணவர்கள் துணைக்கு வந்தனர். 1929ஆம் ஆண்டின் இறுதியில் கேடா மாவட்டத்தின் மாத்தர் வட்டத்தில் அவர்கள் ஊர் ஊராகச் சென்றனர். ஒவ்வொரு குடும்பத்திற்கும் எவ்வளவு நிலம், எவ்வளவு விளைச்சல், எவ்வளவு கடன், நிலவரி எவ்வளவு என்று கேட்டு எழுதினர். இந்தியச் சிற்றூர்களின் பொருளாதாரத்தை வீடு வீடாகச் சென்று அளந்த முன்னோடி ஆய்வுகளுள் ஒன்றாக அது அமைந்தது. விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் வரி பொய்ப்பதில்லை என்பதை அந்த ஊர்களின் கணக்கு காட்டியது.

உப்பும் ஐந்நூறு ரூபாயும்

அந்த ஆய்வு நடந்துகொண்டிருந்த காலத்தில் நாட்டில் பெரும் போராட்டம் ஒன்று மூண்டது. 1930ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் நாள் காந்தி, அரசப் பிரதிநிதி இர்வின் பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் அவர் வரியைப் பற்றி மட்டும் பேசவில்லை. சம்பளத்தைப் பற்றியும் பேசினார். அரசப் பிரதிநிதியின் சம்பளம் நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல். இந்தியர் ஒருவரின் சராசரி வருமானம் நாளொன்றுக்கு 2 அணாவுக்கும் குறைவு. பதினாறு அணா ஒரு ரூபாய். ஆகவே ஆள்பவரின் வருமானம் ஆளப்படுபவரின் வருமானத்தைப் போல ஐயாயிரம் மடங்குக்கு மேல் இருந்தது. இங்கிலாந்தின் பிரதமர் பெற்றதோ, அந்நாட்டு மக்களின் சராசரி வருமானத்தைப் போல 90 மடங்குதான் என்பதையும் காந்தி அக்கடிதத்தில் சுட்டிக்காட்டினார்.

மார்ச் 12ஆம் நாள் தண்டி நோக்கிய உப்பு யாத்திரை தொடங்கியது. ஏழையும் செல்வரும் ஒரே அளவில் உண்ணும் பொருள் உப்பு. அதன் மீது போடும் வரி ஏழையின் மீதே மிகுதியாக விழும் என்பதால்தான் காந்தி அதைத் தேர்ந்தெடுத்தார். குமரப்பாவின் ஆய்வு ‘பொது நிதியும் நமது வறுமையும்’ எனப் பொருள்படும் தலைப்பில் அதே ஆண்டு ஆங்கில நூலாக வெளிவந்தது. காந்தி சிறைப்பட்ட காலத்தில் யங் இந்தியா இதழை நடத்தும் பொறுப்பைக் குமரப்பா ஏற்றார். அவ்விதழில் எழுதியதற்காக அவரும் சிறை சென்றார்.

1931ஆம் ஆண்டு மார்ச் மாதம் கராச்சியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. விடுதலை பெற்ற இந்தியாவில் அரசாங்கம் எப்படி நடக்க வேண்டும் என்பது பற்றி அங்கே ஒரு தீர்மானம் நிறைவேறியது. உப்புவரி நீக்கப்பட வேண்டும். நிலவரி குறைக்கப்பட வேண்டும். பெரிய நில வருமானத்தின் மீது படிப்படியாக உயரும் வரி வேண்டும். இராணுவச் செலவு பாதியாகக் குறைய வேண்டும். சிறப்பு வல்லுநர்கள் தவிர அரசாங்க ஊழியர் எவருக்கும் மாதச் சம்பளம் பொதுவாக 500 ரூபாய்க்கு மேல் இருக்கக்கூடாது. வரியும் சம்பளமும் ஒரே தீர்மானத்தில் அருகருகே இடம்பெற்றன.

அதே ஆண்டில் காங்கிரஸ் மற்றொரு பொறுப்பையும் குமரப்பாவிடம் ஒப்படைத்தது. இந்தியாவின் பெயரில் இருந்த பொதுக் கடனில் எவ்வளவு உண்மையில் இந்தியா கொடுக்க வேண்டியது என்பதை ஆராயும் குழுவின் அமைப்பாளராக அவர் பணியாற்றினார். இந்தியாவுக்கு வெளியே பிரிட்டன் நடத்திய போர்களின் செலவும் இந்தியாவின் கணக்கில் எழுதப்பட்டிருந்ததை அக்குழுவின் அறிக்கை எடுத்துக்காட்டியது.

இக்கொள்கை பேச்சோடு நிற்கவில்லை. 1937ஆம் ஆண்டு ஜூலையில் இராஜாஜியின் தலைமையில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சி அமைந்தபோது அமைச்சர்கள் மாதம் 500 ரூபாய்தான் சம்பளமாகப் பெற்றனர். ஆயினும் ஆட்சி நடத்தியபோது வரியின் சிக்கல் தெரிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. அதனால் மதுவின் மீது கிடைத்த வருமானம் குறைந்தது. அந்த இழப்பை ஈடுசெய்ய 1939ஆம் ஆண்டில் பொது விற்பனை வரி சட்டமானது. வணிகர்கள் அதை எதிர்த்தனர். ஒரு தீய வருமானத்தைக் கைவிட்டாலும் அந்த இடத்தை வேறொரு வருமானம் நிரப்ப வேண்டும். அதை யார் தோளில் ஏற்றுவது என்னும் கேள்வியிலிருந்து நல்ல எண்ணம் கொண்ட அரசாங்கமும் தப்ப முடியாது.

மூன்று அணாக் கணக்கு

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் கடும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். இராஜேந்திர பிரசாத்தின் தலைமையில் நிவாரணக் குழு அமைந்தது. நாடெங்கிலுமிருந்து பணம் வந்து குவிந்தது. அப்பணத்தின் கணக்கைக் காக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் பொதுப் பணத்தைக் கையாண்ட விதத்தை அவரது வரலாற்றை எழுதியோர் ஒரு நிகழ்ச்சியால் விளக்குவர். தொண்டர்களின் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என்று குமரப்பா வரம்பு வைத்திருந்தார். அந்நாளில் காந்தி தம் குழுவினரோடு பீகாருக்கு வந்தார். அக்குழுவின் உணவுக்கும் காருக்கும் ஆகும் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று குமரப்பா தெரிவித்துவிட்டார். வீடிழந்தவர்களுக்காக மக்கள் கொடுத்த பணம் அது. வருபவர் காந்தியே ஆனாலும் அதைத் தொட உரிமை இல்லை என்பது அவரது முடிவு. காந்தி அதற்காக வருந்தவில்லை. தணிக்கையாளர் செய்ய வேண்டியதைத்தான் குமரப்பா செய்தார் என்று அவர் உணர்ந்திருந்தார்.

அரசப் பிரதிநிதியின் சம்பளத்தை எதிர்ப்பது அக்காலத்தில் துணிவான செயல். ஆனாலும் அவர் எதிரணியில் இருந்தவர். தாம் வணங்கும் தலைவரின் சாப்பாட்டுச் செலவையும் அதே அளவுகோலால் அளப்பது அதைவிடக் கடினம். குமரப்பாவின் கணக்குக்கு மதிப்பு ஏற்பட்டது இதனால்தான்.

நெல்லாக வரி, நெல்லாகச் சம்பளம்

1934ஆம் ஆண்டு டிசம்பரில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. குமரப்பா அதன் செயலாளர் ஆனார். வார்தாவில் உள்ள மகன்வாடியில் தங்கி, கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம், கையால் செய்யும் காகிதம் போன்ற தொழில்களை வளர்த்தார்.

சிற்றூரில் வாழ்ந்தபோது வரியின் மற்றொரு கொடுமையை அவர் கண்டார். உழவன் நிலவரியைப் பணமாகக் கட்ட வேண்டும். பணத்திற்காக அவன் அறுவடை முடிந்தவுடன் நெல்லை விற்கிறான். அந்நேரத்தில் எல்லோரும் விற்பதால் விலை விழுகிறது. சில மாதங்கள் கழித்துத் தன் வீட்டுச் சோற்றுக்கு அதே நெல்லை அதிக விலைக்கு வாங்குகிறான். வரியின் அளவு ஒன்றாக இருந்தாலும் அதைக் கட்டும் முறை அவனை இரண்டு முறை தண்டிக்கிறது. இதற்குக் குமரப்பா ஒரு மாற்று வழி சொன்னார். ஊர்க் கூட்டுறவுச் சங்கம் உழவரின் வரியைத் தானியமாகப் பெறலாம். அரசாங்க ஊழியரின் சம்பளத்திலும் ஒரு பகுதியை அச்சங்கம் தானியமாகக் கொடுக்கலாம். அப்போது உழவனும் விற்று ஏமாற வேண்டாம், விலை ஏறும்போது சிறு ஊழியரும் தவிக்க வேண்டாம். வரி கட்டுபவரையும் சம்பளம் பெறுபவரையும் எதிரிகளாக அவர் பார்க்கவில்லை என்பதை இத்திட்டம் காட்டுகிறது.

1942ஆம் ஆண்டுப் போராட்டத்திற்குப் பின் அவர் மீண்டும் சிறைப்பட்டார். ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது, நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எது என்பதை ஆராயும் நூலை எழுதினார். அதில் உயிரினங்களின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டுகள் தந்தார். புலி தன் இரையைக் கொன்று வாழ்கிறது. குரங்கு தான் நட்டு வளர்க்காத மரத்தின் கனியைப் பறித்துத் தின்கிறது. தேனீயோ மலரிலிருந்து தேனை எடுக்கும்போதே மகரந்தத்தைப் பரப்பி, அம்மலர் காயாகவும் உதவுகிறது. தாய்ப்பறவை ஒன்றையும் எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. மனிதரின் பொருளாதாரத்தையும் இவ்வாறு படிப்படியாக வகுக்கலாம் என்றார் குமரப்பா. வரி வாங்கும் அரசாங்கத்தையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். மக்களிடம் எடுப்பதற்கு ஈடாக அவர்களின் வாழ்வு காய்த்துக் கனிய உதவினால் அது தேனீயைப் போன்ற அரசாங்கம்.

விடுதலைக்குப் பின்

1947ஆம் ஆண்டில் இந்தியா விடுதலை பெற்றது. அதே ஆண்டில் நீதிபதி சீனிவாச வரதாச்சாரியார் தலைமையிலான முதல் மத்தியச் சம்பள ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. அரசாங்கத்தின் கடைநிலை ஊழியரும் வாழ்வதற்குப் போதுமான சம்பளம் பெற வேண்டும் என்று அது கருதி, மாதம் 55 ரூபாயைக் குறைந்தபட்ச வருமானமாகப் பரிந்துரைத்தது. உச்சச் சம்பளத்தை 2,000 ரூபாய் என்று வரையறுத்தது. கராச்சித் தீர்மானத்தின் 500 ரூபாயைவிட இது நான்கு மடங்கு. ஆயினும் அரசப் பிரதிநிதியின் காலத்தில் இருந்த இடைவெளியோடு ஒப்பிட்டால் மேலும் கீழும் பெரிதும் நெருங்கி வந்திருந்தன.

குமரப்பாவுக்கு இது நிறைவளிக்கவில்லை. விடுதலை பெற்ற நாட்டின் ஆட்சியாளர்கள் பழைய ஆட்சியின் மாளிகைகளையும் ஆடம்பரத்தையும் அப்படியே ஏற்றுக்கொண்டதை அவர் கண்டித்தார். பெருந்தொழில்களால் நாடு முன்னேறும் என்று நேரு நம்பினார். சிற்றூரும் கைத்தொழிலும் தழைத்தால்தான் ஏழை வாழ்வான் என்று குமரப்பா வாதிட்டார். இருவரும் நாட்டின் நலத்தையே விரும்பினர், வழியில்தான் வேறுபட்டனர். திறமையானவர்களை அரசாங்கப் பணிக்கு ஈர்க்க நல்ல சம்பளம் வேண்டும் என்ற வாதத்திலும் உண்மை இருந்தது. குமரப்பாவின் எல்லைக்குள் ஒரு பெரிய நாட்டின் நிர்வாகத்தை நடத்த இயலாது என்று கருதியவர்களும் பலர். காலம் பெரும்பாலும் நேருவின் வழியிலேயே சென்றது.

ஆயினும் அவரது அறிவை நாடு பயன்படுத்திக்கொண்டது. நிலச் சீர்திருத்தம் பற்றி ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். 1949ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் அறிக்கை, உழுபவருக்கும் அரசாங்கத்திற்கும் இடையே நிற்கும் இடைத்தரகர்களை நீக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. பின்னர் சீனா, ஜப்பான் முதலிய நாடுகளுக்குச் சென்று அங்குள்ள உழவர்களின் நிலையைக் கண்டார்.

உடல்நலம் குன்றிய நிலையில் தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்தின் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். பம்பாயில் செல்வச் செழிப்போடு வாழ்ந்த தணிக்கையாளர், அங்கே ஓர் எளிய குடிலில் வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தமக்கெனச் சொத்துச் சேர்க்கவும் இல்லை. 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் அவர் காலமானார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் காந்தி மறைந்ததும் அதே நாளில்தான்.

குமரப்பா சொன்ன தீர்வுகள் எல்லாம் இன்றைக்குப் பொருந்தும் என்று கூற முடியாது. சம்பளத்தை நெல்லாகக் கொடுக்கும் காலம் இதுவன்று. 500 ரூபாய் என்னும் எல்லையும் அக்காலத்திற்குரியது. ஆனால் அவர் கணக்குப் பார்த்த முறை இன்றும் உதவும். ஒரு வரியைப் பற்றிக் கேள்விப்படும்போது அதன் விகிதத்தை மட்டும் பாராமல், அது யாருடைய சமையலறையிலிருந்து போகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு சம்பள உயர்வைப் பற்றிக் கேள்விப்படும்போது அதை யார் பெறுகிறார், எந்த வருமானத்திலிருந்து பெறுகிறார், அவரது பணியால் யார் பயன் அடைகிறார் என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருக்கும் தாதிக்கும், பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் கொடுக்கும் சம்பளம், வரி கட்டிய ஏழைக்கே திரும்பி வரும் பணமாகும்.

டெங்கில் அடுக்குமாடி வீட்டில் வாழும் ஒரு முன்னாள் தோட்டத் தொழிலாளியும், புத்ராஜெயா அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் ஓர் அதிகாரியும் ஒரே கணக்கேட்டின் இரண்டு பக்கங்களில் இருக்கிறார்கள். அக்கணக்கேட்டைத் திறந்து இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்த குடிமக்கள் இருக்கும் நாட்டில்தான் வரியும் சம்பளமும் நியாயமாக அமையும். குமரப்பா தம் வாழ்நாளில் செய்தது அந்த வாசிப்பைத்தான்.